தே தாரிக்

சுவீடன்காரர்கள் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, காப்பியும் இலவங்கப்பட்டை பன்னுமாக உட்கார்ந்து பேசுவதை 'ஃபீகா' என்கிறார்கள். அலுவலகங்களிலேயே அதற்கென்று நேரம் உண்டு. மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும், நமக்கு அதைத் தருவது மாமாக் கடையின் தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீர்.

மாமாக் கடைக்காரர்களான தமிழ் முஸ்லிம்கள் இந்த மண்ணில் வளர்த்த கைத்தொழில் இது. துணி வடிகட்டியில் இறங்கிய கெட்டித் தேயிலைச் சாயத்தில் டின் பால் விழும். பிறகு இரண்டு குவளைகள்: ஒன்று தலைக்கு மேல், மற்றொன்று இடுப்புக்குக் கீழ். ஊற்றுகிற தூரத்தில் சூடு தணியும், அடியில் தங்கிய பால் கலக்கும், நுரை கட்டும். தேர்ந்த கைக்காரர் குவளையைப் பார்க்காமலே ஊற்றுவார். தரையில் ஒரு சொட்டுச் சிந்தாது.

ஒரே கிளாஸை வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் பந்தாட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள். பக்கத்து மேசையில் மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் இருப்பார்கள். 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மலேசியக் காலை உணவுப் பண்பாட்டில் நாசி லெமாக், ரொட்டி சானாயோடு தே தாரிக்குக்கும் இடமுண்டு.

இனிப்பு ஆகாதவர்கள் 'கூராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) என்று சொல்லி வாங்குங்கள். பொட்டலம் மட்டும் கட்டாதீர்கள். தே தாரிக் உட்கார்ந்து குடிக்க வேண்டியது.