மதுரைக் குரல்களின் இரண்டாம் பாதி

அறுபதைத் தாண்டிய பாடகர் மேடையேறினால் நம் ஊரில் இரண்டாவது பாட்டிலேயே தீர்ப்பு வந்துவிடும்: ‘குரல் போயிருச்சுப்பா.’ மேல் ஸ்தாயியில் நிற்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது, பிருகா உதிரவில்லை என்று காரணமும் சொல்வார்கள். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைக் கொண்டு அவருடைய கற்பனையும் தீர்ந்துவிட்டது என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. முப்பத்தைந்து வயதில் வேகப்பந்து வீச்சாளரின் வேகம் குறையும்; அதே ஆண்டில்தான் கட்டரும் மெதுவான பந்தும் அவர் கைக்கு வரும். ஸ்பீடுகன்னை மட்டும் பார்ப்பவர் விக்கெட் எப்படி விழுந்தது என்பதைத் தவறவிடுவார். பாட்டிலும் கற்பனை இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. எந்த வயதில் அதை எங்கே தேடுவது என்பதுதான் அலச வேண்டிய விஷயம். அதற்கு மதுரையைவிட நல்ல ஊர் கிடைக்காது.

டி.எம்.சௌந்தரராஜனிலிருந்து தொடங்குகிறேன். 1922இல் மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர், காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் சங்கீதம் கற்றவர். 1950இல் வந்த ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் அவர் பாடியதை இன்று கேட்டால் எம்.கே.தியாகராஜ பாகவதரோ என்று ஒரு நிமிடம் தடுமாறுவோம். வரியின் கடைசி எழுத்தை மேலே கொண்டுபோய் நிறுத்துகிறார், அங்கிருந்து சரசரவென்று இறங்குகிறார். சொல்லைவிட இழுப்புக்குத்தான் அங்கே மரியாதை. அந்தக் காலத்தில் பாட வந்த பையன்கள் எல்லோருக்கும் பாகவதர்தான் பள்ளிக்கூடம். இவரும் அங்கே படித்தார்.

நான்கே ஆண்டுகள். 1954இல் ‘தூக்கு தூக்கி’யும் ‘மலைக்கள்ள’னும் வருகின்றன. இந்தக் குரல் தனக்குப் பொருந்துமா என்று சிவாஜிக்கு முதலில் சந்தேகம் இருந்தது. பாட்டைக் கேட்டதும் தீர்ந்தது. அந்த இடைவெளியில் டி.எம்.எஸ். என்ன செய்தார்? இழுப்பைக் குறைத்தார். வல்லினத்தை வல்லினமாகவே உடைத்துச் சொன்னார். ஒரு சொல்லின் முதல் எழுத்தில் அழுத்தம் கொடுத்து, நடிகரின் உதடு அசையும் வேகத்துக்குள் அந்தச் சொல்லை முடித்தார். பிறகு வந்தது பெரிய வித்தை: ஒரு தொண்டையில் இரண்டு ஆட்கள். சிவாஜிக்கு அடிவயிற்றிலிருந்து கனமாக எழும், எம்.ஜி.ஆருக்குச் சற்று மேலே ஏறிக் கணீரென்று, முகத்தில் சிரிப்போடு வரும். கோயில் கொடையில் ரேடியோ செட் பாடும்போது கவனித்துப் பாருங்கள். படத்தின் பெயரே தெரியாத பையன்கூடப் பல்லவி முடிவதற்குள் ‘இது வாத்தியார் பாட்டு’ என்று சொல்லிவிடுவான். திரையில் முகம் இல்லை, குழாயிலிருந்து வரும் சத்தம் மட்டும்தான். அந்த அடையாளத்தை உருவாக்கியதில் இசையமைப்பாளருக்கும் கவிஞருக்கும் பங்கு உண்டு. என் கணக்கில் பெரிய பங்கு பாடகருக்கு.

அப்படியானால் பாகவதரைப் போலப் பாடிய ஆண்டுகள் வீணா? அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹேய்ஸ் 76 மேற்கத்திய இசையமைப்பாளர்களின் வாழ்க்கையை எடுத்துப் பார்த்தார். இசையில் இறங்கிய முதல் பத்து ஆண்டுகளுக்குள் காலத்தில் நிற்கும் படைப்பைக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. போலச் செய்யும் காலத்தை வீண் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு டி.எம்.எஸ்.ஸின் பாகவதர் காலம் நம் ஊர்ச் சாட்சி.

திரையில் மெட்டு வேறொருவருடையது. திரைக்கு வெளியே டி.எம்.எஸ். பாடிய முருகன் பக்திப் பாடல்களில் பலவற்றுக்கு அவரே மெட்டுப் போட்டார். அந்த மெட்டுகளை உற்றுக் கேளுங்கள். வித்தை காட்டத் தெரிந்த ஒருவர் வேண்டுமென்றே அதை ஒதுக்கிவைத்திருக்கிறார். பழனிக்கு நடந்து போகும் பாதயாத்திரைக் கூட்டம் மூச்சு வாங்கிக்கொண்டே சேர்ந்து பாடும் எல்லையைத் தாண்டி அவை ஏறுவதில்லை, இறங்குவதில்லை. கர்நாடக ராகம் உள்ளே இருக்கிறது; பாடுகிறவருக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. இப்படி எளிமைக்கு வருவதைச் சரிவு என்று எழுதும் விமர்சகர்கள் டீன் சைமன்டன் 1989இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். 172 இசையமைப்பாளர்களின் கடைசிக் காலப் படைப்புகள் நீளத்தில் குறைந்து, மெட்டில் எளிமையாகி, அதே நேரத்தில் மதிப்பில் உயர்ந்து நின்றன. முருகன் பாடல்களைப் பாடத் தொடங்கியபோது டி.எம்.எஸ். முதுமைக்குப் பக்கத்தில்கூட இல்லை. மற்றவர்கள் கடைசியில் போய்ச் சேரும் இடத்துக்கு அவர் நடு வயதிலேயே போய்விட்டார் என்றே சொல்வேன்.

எம்.எஸ்.சுப்புலட்சுமியின் பாதை இதற்கு நேர் மாறு. 1916இல் மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவுக்கு மகளாகப் பிறந்தார். பத்து வயதிலேயே இசைத்தட்டு வந்துவிட்டது. இளம் வயதுப் பதிவுகளில் ஓர் அஞ்சாமை கேட்கும். மேல் ஸ்தாயியை நோக்கி ஓடுவார், விழுந்துவிடுவோமோ என்ற யோசனையே அந்தக் குரலில் இருக்காது. அவர் நடித்த ‘மீரா’ படம் 1945இல் வந்தது. அதற்குப் பிறகு நாடே அறிந்த பிம்பமும் வந்தது, கூடவே ஒரு கட்டுப்பாடும். பிற்காலக் கச்சேரிகள் முன்கூட்டியே திட்டமிட்டவை, பட்டியல் பெரிதாக மாறாது என்று ரசிகர்கள் சிலர் குறைப்பட்டார்கள். அதில் உண்மை இருக்கிறது. அந்த இளம்பெண்ணின் துணிச்சல் இன்னும் கொஞ்ச காலம் நீடித்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் எனக்கும் உண்டு.

ஆனால் 1979ஐப் பாருங்கள். வயது 63. திருப்பதி தேவஸ்தானத்துக்காக ‘பாலாஜி பஞ்சரத்னமாலா’ என்ற தலைப்பில் ஐந்து இசைத்தட்டுகளுக்குப் பாட ஒப்புக்கொள்கிறார். புதிய உருப்படிகள், அதுவும் தாய்மொழி அல்லாத தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும். பாடமாக்கி, உச்சரிப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்து, அந்த மொழிக்காரர்கள் குறை சொல்ல முடியாதபடி பாடுகிறார். ராக ஆலாபனையில் ஓடித் திரிந்த கற்பனை இங்கே ஓர் எழுத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஒற்றெழுத்தை எவ்வளவு நேரம் தாங்குவது, ஒரு பெயரை எந்த எடையில் உச்சரிப்பது என்பதெல்லாம் முடிவுகள்தான். அவற்றை எடுத்தவர் ஏற்கெனவே எல்லாப் புகழும் பெற்று முடித்த ஒரு பெண்மணி. ஓய்வெடுத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வயதோடு கற்பனை இடம் மாறும் இந்த வரைபடத்துக்குள்ளேயே அடங்காதவர் மதுரை மணி ஐயர். 1912இல் பிறந்து 1968இல் மறைந்தார், 1959இல் சங்கீத கலாநிதி. பார்வை மங்கியது, உடம்பும் ஒத்துழைக்கவில்லை. பாட்டுப் பட்டியலையும் அவர் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை. ரசிகர்கள் கேட்ட அதே உருப்படிகளையே மேடைக்கு மேடை பாடினார். சர்வலகுவாக ஓடும் கல்பனாஸ்வரத்தில் மட்டும் ஒரு நாள் போல் மறுநாள் இருக்காது. இறுகிய கணக்கு வழக்கெல்லாம் அவருக்கு வேண்டாம். கற்பனைக்குக் கட்டம் கட்டமாக வளர்ச்சி இருந்தே ஆக வேண்டும் என்பவர்கள் இவரைக் கேட்டபின் கொஞ்சம் தயங்க வேண்டும்.

மதுரை சோமுவுக்கோ கரகரப்பே மூலதனம். 1972இல் ‘தெய்வம்’ படத்தில் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் மருதமலை முருகனைப் பாடியபோது அவருக்கு 53 வயது. கச்சேரி மேடையில் பல மணி நேரம் பாடித் தேய்ந்த தொண்டை அது. வழவழப்பான குரலில் அந்தப் பாட்டு நிற்காது என்பது என் திடமான எண்ணம்.

பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜாவைச் சேர்க்காமல் இதை முடிக்க முடியாது. 1996 வரை அந்த ஊரும் மதுரை மாவட்டம்தானே. 1976இல் ‘அன்னக்கிளி’யில் இளையராஜா அறிமுகமானபோது அதன் தலைப்புப் பாட்டின் சோக வடிவத்தைப் பாடியவர் டி.எம்.எஸ். ஒருவருக்கு முதல் ஆட்டம். இன்னொருவருக்குத் திரைக்கதவு மெல்ல மூடத் தொடங்கிய காலம். எண்பதுகளின் சில ஆண்டுகளில் ஒரே ஆண்டில் நாற்பது படங்களைத் தாண்டிய ராஜா, அந்த ஓட்டத்தின் நடுவிலேயே 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ என்று படமில்லாத இசையைக் கொடுத்தார். 2005இல் திருவாசகம். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியபோது வயது 81. அந்த சிம்பொனியைப் பழைய படப்பாட்டோடு ஒப்பிட்டு மார்க் போடுவது நியாயமில்லை. பல்லவி, சரணம், பின்னணிக் காட்சி என்ற எந்தப் பிடிமானமும் இல்லாமல் நீண்ட நேரம் ஒரு எண்ணத்தைக் கொண்டுசெல்ல முடிகிறதா என்பதுதான் அங்கே பரீட்சை.

2023 ஆகஸ்டில் முனிச்சாலையில் டி.எம்.எஸ்.ஸுக்குச் சிலை வைத்தார்கள். மகிழ்ச்சி. அதைவிடப் பெரிய மரியாதையை 2010லேயே ஏ.ஆர்.ரஹ்மான் செய்துவிட்டார்: செம்மொழி மாநாட்டுப் பாடலில் 88 வயதுக்காரரை மைக் முன்னால் நிறுத்திப் புதிதாகப் பாடவைத்தார். மூத்த பாடகரை அழைத்து, பொன்னாடை போர்த்தி, நாற்பது வருடத்துக்கு முந்தைய பாட்டையே பாடச் சொல்லி அனுப்பும் நம் சபாக்காரர்களிடமும் விழாக் குழுவினரிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அடுத்த சித்திரைத் திருவிழாக் கச்சேரிக்கு எழுபது வயதுக்காரர் ஒருவரை அழையுங்கள். ஒரு புதுப் பாட்டை ஒரு மாதம் முன்பே அவர் கையில் கொடுங்கள். அவருக்கு ஏற்ற சுருதியில் பாட விடுங்கள்.