செல்லாத ஓட்டு

வல்லம் என்றதும் தஞ்சாவூர்ப் பக்கத்து வல்லத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது செஞ்சிப் பக்கத்து வல்லம். நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். அவர் வேலை முடிகிற வரைக்கும் முடி வெட்டிக்கொள்ளலாமே என்று ஒரு சலூனில் நுழைந்தால், உள்ளே ஏழெட்டு பேர். எல்லோரும் முடி வெட்ட வந்தவர்கள் இல்லை. பாதிப் பேர் ஓட்டுப் போட வந்தவர்கள்.

கண்ணாடிக்குக் கீழே, பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு செருப்பு டப்பா. மூடியில் பிளேடால் கீறி ஒரு துவாரம். 'தமிழில் இதுவரை வந்ததிலேயே பெஸ்ட் படம் எது?' ஒருத்தருக்கு ஒரு சீட்டு. காலேஜ் படிக்கிற பையன் ஒருவன்தான் தேர்தல் அதிகாரி. வெளியூர்க்காரனுக்கும் ஓட்டு உண்டா என்றேன். 'தலை இருந்தா ஓட்டு உண்டு சார்' என்று கடைக்காரர் தீர்ப்புச் சொன்னார்.

நான் கொஞ்சம் யோசித்து 'உதிரிப்பூக்கள்' என்று எழுதி மடித்துப் போட்டேன். ஷேவிங் நாற்காலியில் பாதிக் கன்னம் நுரையோடு இருந்த ஒரு பெரியவர் சீட்டெல்லாம் கேட்கவில்லை. 'ராஜா தேசிங்குன்னு எழுதிக்கப்பா' என்றார் சத்தமாக.

பையன்கள் சிரித்துவிட்டார்கள். 'தாத்தா, உங்க ஊரு ராஜாங்கிறதுக்காக எல்லாம் போடக் கூடாது. செல்லாத ஓட்டு!'

எண்ணிப் பார்த்ததில் 'கில்லி' ஜெயித்தது. 2004-ல் வந்த படம். ஓட்டுப் போட்டவர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். ஆனால் 2024 ஏப்ரலில் அதை மறுபடி தியேட்டரில் போட்டபோது விசிலடித்தவர்கள் இவர்கள்தான்.

ஊர் திரும்புகிற வழியெல்லாம் அந்தச் செருப்பு டப்பா என்னோடு வந்தது. காரணம், நான் போட்டது கள்ள ஓட்டு. 'உதிரிப்பூக்கள்' மகத்தான படம்தான், சந்தேகமில்லை. ஆனால் இதுவரை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். 'தில்லுமுல்லு'வை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. ஜுரம் வந்தால் அதைத்தான் போட்டுப் பார்ப்பேன். பின்னே ஏன் எழுதவில்லை? தெரியாத ஊர் சலூனில்கூட, தெரியாத நாலு பேர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற கவலை. சீட்டில் நான் எழுதியது எனக்குப் பிடித்த படத்தின் பெயர் இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது என்று மற்றவர்கள் நம்ப வேண்டிய படத்தின் பெயர்.

இப்படி ஓட்டெடுப்பது புதுசு இல்லை. ஃபிலிம்ஃபேர் பத்திரிகையின் விருதுகள் ஆரம்பித்ததே வாசகர் ஓட்டில்தான். 20,000 பேருக்கு மேல் ஓட்டுப் போட, 1954 மார்ச்சில் பம்பாய் மெட்ரோ தியேட்டரில் முதல் விழா. சிறந்த படம், பிமல் ராயின் 'தோ பீகா ஜமீன்'. நிலத்தை மீட்கக் கல்கத்தாவில் கை ரிக்ஷா இழுக்கும் ஒரு குடியானவனின் கதை. ஜனங்களிடம் விட்டால் குப்பையைத்தான் பொறுக்குவார்கள் என்கிற அறிவுஜீவிகளுக்கு இதைச் சொல்லலாம்.

நம் ஊரில் அவ்வளவு சீட்டெல்லாம் தேவைப்படவில்லை. டிக்கெட்டே ஓட்டு. எத்தனை நாள் ஓடியது என்பதே ரிசல்ட். 50 நாள், 100 நாள், வெள்ளி விழா. பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. இதைவிடப் பெரிய மெஜாரிட்டி எந்தக் கட்சிக்கும் கிடைத்திருக்காது. வல்லத்து டப்பாவில் 'ஹரிதாஸ்' பெயரில் ஒரு சீட்டு இல்லை. படம் கெட்டுப் போய்விடவில்லை. ஓட்டுப் போட்டவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, சாமானியர்களை விடுங்கள், நிபுணர்கள் ஓட்டுப் போட்டால் நிலையாக இருக்குமே என்பீர்கள். இங்கிலாந்தின் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை 1952-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை உலக விமர்சகர்களிடம் ஓட்டு வாங்குகிறது. முதல் தடவை 'பைசைக்கிள் தீவ்ஸ்'. 1962-லிருந்து 2002 வரை ஐந்து தடவையும் 'சிட்டிசன் கேன்'. 2012-ல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' அதைக் கவிழ்த்தது. 1958-ல் வந்த அந்தப் படம் முதல் பத்துக்குள் நுழையவே 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2022-ல் இன்னொரு ஆட்சி மாற்றம். ஷாந்தால் ஆக்கர்மன் என்ற பெண் இயக்குநர் 1975-ல் எடுத்த 'ழான் டீல்மன்' முதலிடம். மூணேகால் மணி நேரத்துக்கும் மேல், ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் பொறுமையாகக் காட்டுகிற படம். 2012-ல் அதற்கு 36-ஆவது இடம். பத்து வருஷத்தில் அந்தப் படத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. மாறியது வாக்காளர் பட்டியல். 2012-ல் 846 பேர். 2022-ல் 1,639 பேர்.

ஆக, நிபுணர் சீட்டானாலும் சலூன் சீட்டானாலும், ஓட்டு சொல்வது படத்தைப் பற்றிக் கொஞ்சம், போட்டவரைப் பற்றி நிறைய.

இன்றைக்கு உலகத்துக்கே பொதுவான செருப்பு டப்பா ஐ.எம்.டி.பி. பத்துக்கு எத்தனை என்று நீங்களும் நானும் மார்க் போடலாம். 2008-ல் 'தி டார்க் நைட்' வந்த சூட்டில் அதன் ரசிகர்கள் பத்து பத்தாக வாரி வழங்கி முதலிடத்துக்குத் தூக்கினார்கள். அதோடு விட்டார்களா? போட்டிக்கு இருந்த 'காட்ஃபாதர்' படத்துக்கு ஒன்று ஒன்றாகப் போட்டுக் கீழே தள்ளினார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் சும்மா இருப்பார்களா, பதிலுக்குப் பதில். இரண்டு பேரும் அடித்துக்கொண்டதில் யாருக்கும் விரோதமில்லாத 'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' மேலே போய் உட்கார்ந்தது. அது 1994-ல் தியேட்டரில் சுமாராகக்கூட ஓடாத படம். எதிர்க் கட்சி போஸ்டரில் சாணி அடித்த நம் கொட்டகைக் காலத்து அண்ணன்மார் இதைக் கேட்டால், 'இதைத்தானே நாங்களும் செஞ்சோம்' என்பார்கள்.

தமிழுக்கு 'அன்பே சிவம்' கதை தெரிந்ததுதான். 2003 பொங்கலுக்கு வந்தது. கமல், மாதவன், சுந்தர்.சி. இயக்கம், மதன் வசனம். ஜனங்கள் அந்தப் பொங்கலுக்கு 'தூள்' பார்க்கப் போய்விட்டார்கள். பிற்பாடு டி.வி.யில் பார்த்துப் பார்த்து உருகி, அதே ஐ.எம்.டி.பி.யில் இந்தியப் படங்களின் முன்வரிசையில் கொண்டுபோய் வைத்தார்கள். தியேட்டரில் கைவிட்ட குற்ற உணர்ச்சியும் அந்த மார்க்கில் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இதேபோல் 1964 பொங்கல் அன்று ஒரே நாளில் சிவாஜியின் 'கர்ணன்', எம்.ஜி.ஆரின் 'வேட்டைக்காரன்'. பந்துலு அவ்வளவு செலவு செய்து எடுத்த 'கர்ணன்' அதற்கேற்ற லாபம் பார்க்கவில்லை. 48 வருஷம் கழித்து, 2012 மார்ச்சில் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டார்கள். சென்னையில் 100 நாளைத் தாண்டியது. 64-ல் 'வேட்டைக்காரன்' கட்சியில் கொடி பிடித்தவர்களின் பேரப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் கண் கலங்கியிருப்பார்கள். தேர்தல் கமிஷனே நினைத்தாலும் இப்படி ஒரு மறு எண்ணிக்கை நடத்த முடியாது.

அப்படியானால் ஓட்டே வேண்டாம் என்கிறேனா? இல்லை. ஓட்டில் எனக்குள்ள புகார் ஒன்றே ஒன்று. அது காரணம் கேட்பதில்லை. பத்துக்கு எட்டு என்றால் அந்த எட்டு எங்கிருந்து வந்தது, போன இரண்டு எதற்காகப் போயிற்று என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனந்த விகடன் மார்க் போட்ட காலத்தில் '16 வயதினிலே' 62½ வாங்கியது, 'முள்ளும் மலரும்' 61 வாங்கியது என்று இன்றைக்கும் ஒப்பிக்கிறவர்கள் உண்டு. அந்த ஒன்றரை மார்க் வித்தியாசத்துக்காக ஹாஸ்டல் அறைகளில் ராத்திரி முழுக்க விளக்கு எரிந்திருக்கிறது. மார்க்குக்கு மேலே ஒரு முழு விமர்சனம் இருந்ததால்தான் அது சாத்தியமானது. சப்பாணி கோமணத்தோடு திரிவது நடிப்பா, வேஷமா? காளி கடைசியில் தங்கையைத் தானே அழைத்துப் போய்க் கொடுப்பது தோல்வியா, வெற்றியா? இதையெல்லாம் பேசிப் பேசித்தான் ஒரு தலைமுறை படம் பார்க்கக் கற்றுக்கொண்டது. தமிழனுக்குச் சினிமா ரசனைக்கென்று பள்ளிக்கூடம் கிடையாது. டீக்கடையும் சலூனும் ஹாஸ்டல் மொட்டை மாடியும்தான்.

சிவாஜி ரசிகனும் எம்.ஜி.ஆர். ரசிகனும் போட்ட சண்டையை நாம் கேலி செய்கிறோம். ஆனால் 'உங்காளு ஓவர் ஆக்டிங்' என்று ஒருவன் சொன்னால் மற்றவன் சும்மா போக முடியாது. எந்த ஸீனில், எந்த வசனத்தில், ஏன் அது ஓவர் இல்லை என்று எடுத்து வைத்தாக வேண்டும். வைக்கத் தெரியாதவன் மறுபடி போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தான். இன்றைக்கு கட்டை விரலை மேலேயோ கீழேயோ காட்டிவிட்டால் போதும், வேலை முடிந்தது. சண்டை குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட முடியவில்லை. வசவு அப்படியே இருக்கிறது; வாதம்தான் காணாமல் போய்விட்டது.

இப்போது பெரியவரின் செல்லாத ஓட்டுக்கு வருகிறேன். பையன்கள் சிரித்துவிட்டுப் போன பிறகு, முகம் துடைத்துக்கொண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். 'ஏங்க அந்தப் படம்?' என்று கேட்டேன். கேட்டது ஒரு மரியாதைக்குத்தான்.

தேசிங்கு கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். செஞ்சியை ஆண்ட ராஜபுத்திர இளைஞன் தேஜ் சிங். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து 1714-ல் சண்டையில் செத்தபோது வயது இருபத்திரண்டுதான் என்பார்கள். பாரசாரி என்ற குதிரை, தன் கல்யாணத்தையே விட்டுவிட்டுப் போருக்கு வந்த நண்பன் மோவத்துக்காரன் என்று ஜனங்கள் அவனைக் கதைப்பாடலாகவும் கூத்தாகவும் முன்னூறு வருஷமாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். 1960-ல் டி.ஆர். ரகுநாத் இயக்கிய படத்தில் எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம்.

பெரியவர் சொன்னார்: 'சின்ன வயசுலேர்ந்து கூத்துல பாத்துருக்கேன் சார். குதிரையே இருக்காது. வேஷக்காரன் கடிவாளத்தப் புடிக்கிற மாதிரி கைய வெச்சிக்கிட்டு, சலங்கைக் காலால குதிப்பான். நமக்குக் குதிரை தெரியும். படத்துல நெஜக் குதிரை வந்துச்சு. நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா அது வெறுங் குதிரை.'

'பின்னே ஏன் அதுக்கு ஓட்டு?'

'அதான் சொல்ல வர்றேன். கூத்துல தேசிங்கு செத்துடுவான்னு எனக்குத் தெரியும். எத்தினி வாட்டி பாத்தாலும் செத்துக்கிட்டேதான் இருப்பான். அழுவேன். வூட்டுக்குப் போயி தூங்கிடுவேன். கொட்டகையில பாக்கறப்ப, எம்.ஜி.ஆர். ஆச்சே, இந்த வாட்டி எப்பிடியாச்சும் பொழச்சிக்குவான்னு நம்பி உக்காந்திருந்தேன். அதுலயும் செத்துட்டான். அழுகையே வரல சார். கோவம் வந்துச்சு. அன்னிக்கி ராத்திரி சோறு துன்னல. ஏன் அழுகை வராம கோவம் வந்துச்சுன்னு இன்னிக்கி வரைக்கும் யோசிக்கிறேன். வேற எந்தப் படமும் என்னை இப்பிடி யோசிக்க வெச்சதில்ல.'

நட்சத்திரம் என்றால் என்ன, கதாபாத்திரம் என்றால் என்ன, சரித்திரம் ஒருவனைச் சாகச் சொல்லும்போது ரசிகன் அதை ஏன் ஒப்புக்கொள்ள மறுக்கிறான் என்று தடித்தடியாகப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. அவர் ஒரு ஷேவிங் நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார். செருப்பு டப்பாவில் இதைப் போட வழியில்லை. அதன் துவாரம் படத்தின் பெயருக்கு மட்டும்தான் அளவெடுத்துக் கீறியது.

அவர் போன பிறகு அந்தக் காலேஜ் பையனைக் கூப்பிட்டு, 'என் ஓட்டை மாத்திக்கலாமா?' என்று கேட்டேன்.

'எண்ணி முடிச்சாச்சே சார். எந்தப் படம்?'

'தில்லுமுல்லு.'

'ஏன் சார்?' என்றான்.

அன்றைக்கு அந்தச் சலூனில் கேட்கப்பட்ட இரண்டாவது 'ஏன்' அது. பதில் சொல்ல ஆரம்பித்தேன். எனக்கே சரியாகத் தெரியவில்லை என்பது பாதியில்தான் புரிந்தது. திக்கித் திணறினேன். அவன் 'கில்லி'க்குத் தாவினான். முடி வெட்டி முடித்து, நண்பர் வந்து வாசலில் ஹாரன் அடிக்கிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். அவனை என் கட்சிக்கு இழுக்க முடியவில்லை. என்னையும் அவனால் முடியவில்லை. ஆனால் இந்த வாரம் இரண்டு படத்தையும் மறுபடி பார்த்தேன்.

நீங்களும் உங்கள் படத்தை எழுதி அனுப்புங்கள். முதல் பத்து லிஸ்ட் வேண்டாம், மார்க் வேண்டாம், எண்ணப்போவதும் இல்லை. ஒரே ஒரு படம். பக்கத்தில் 'ஏன்' என்று நாலு வரி. 'உதிரிப்பூக்கள்' என்று எழுதுகிறவர்கள் மட்டும், எத்தனை முறை பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.