பனியன் யார் பெயர்?

‘இந்தத் துணி எங்கிருந்து வந்தது?’ மரபுத் துணிகள் பற்றிய சொல்லாடல் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. ஜாவாவின் பாத்திக், டாக்காவின் ஜம்தானி, காஞ்சிப் பட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர், ஒரு சமூகம், ஒரு தொன்மை ஒதுக்கப்படுகிறது. அறிவுத் தேடல் போலத் தெரியும் இந்தக் கேள்வி யாருக்குப் பயன்படுகிறது என்பதைத் திருப்பூரை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

பனியன் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வணிகரைக் குறிக்கும் குஜராத்திச் சொல் ‘வாணியோ’ போர்த்துக்கீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கனவான்கள் வீட்டில் அணிந்த தொளதொள அங்கிக்கு அது பெயராயிற்று. பிறகு இங்கே உள்ளாடையில் வந்து ஒட்டிக்கொண்டது. நாம சாதாரணமா ‘பனியன் கம்பெனி’ன்னு சொல்றப்ப, துணிக்கு வியாபாரியின் பெயரைத்தான் சொல்கிறோம். காலிகோவும் இப்படித்தான்: துணி ஏற்றுமதியான கோழிக்கோடு துறைமுகத்தின் பெயர் அது. நெய்தவர் பெயரில் துணி வழங்குவது அபூர்வம்.

‘அதெல்லாம் பழைய கதை, இப்ப சட்டமே இருக்குதே’ என்று சொல்லக்கூடும். பக்கத்திலுள்ள பவானியின் ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. ஜமக்காளம் என்ற சொல்லே உருதுவிலிருந்து வந்தது. தூய தோற்றுவாய் தேடுகிறவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. இருக்கட்டும். குறியீட்டுக்கான 1999ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். ‘உற்பத்தியாளர்’ என்பதற்கு அது தரும் வரையறையில், பொருளைச் செய்கிறவரோடு அதில் வியாபாரம் செய்கிறவரும் அடக்கம். சட்டம் காப்பது ஊரின் பெயரை. தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவரின் கூலி பற்றி அதில் பேச்சே இல்லை.

திருப்பூருக்கு இப்படி ஒரு தொன்மை கிடையாது. பின்னல் இயந்திரமே 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ உருவாக்கிய சட்டகத்தின் வாரிசுதான். ஆனாலும் இங்கே வேறொரு தோற்றக் கதை உண்டு: காட்டில் பாடுபட்ட கவுண்டர், கம்பெனியிலும் பாடுபட்டு முதலாளியானார். 2004இல் வெளிவந்த சரத் சாரியின் ‘ஃபிரேடர்னல் கேபிடல்’ நூல், உழைப்பு பற்றிய இந்தக் கதை எப்படி அதிகாரமாக வேலை செய்கிறது என்பதைக் காட்டுகிறது. சரி, 1984இல் பஞ்சப்படி கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் பாடுபடாதவர்களா? அவர்கள் பாடு ஏன் மூலதனமாகவில்லை? தோற்றக் கதைகள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன.

‘எந்த ஊரு?’ என்று துணியைக் கேட்டால் விலை ஏறுகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓவர்லாக் மிஷினில் ஒன்றரை ஷிப்டு உட்காருகிறவரைக் கேட்டால், பேரம் பேசும் பலம் அவருக்குக் குறைகிறது. ஒரே கேள்விதான். ஆகவே பூர்வீகத்தைக் கொண்டாடுகிற பண்பாட்டு விமர்சனம், தான் யாருடைய குரலில் பேசுகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

திருப்பூரில் சங்கங்களும் முதலாளிகளும் போடும் கூலி ஒப்பந்தத்தில் கட்டிங், டெய்லர், அயர்ன், பேக்கிங், கைமடி என்று வேலைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு தொகை. கீழே இறங்க இறங்கத் தொகை குறைகிறது. கைமடி வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். துணி பற்றி எழுதுகிறவர்கள் முதலில் வாசிக்க வேண்டிய பிரதி அதுதான் என்பேன்.