அன்னாளும் மாத்திரையும்

அன்னாளின் கதையைப் பிரசங்கங்கள் பெரும்பாலும் ஒரே விதமாகச் சொல்கின்றன: அழுதாள், ஜெபித்தாள், சாமுவேலைப் பெற்றாள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் பெண்ணிடம் இதைச் சொல்லும்போது கதை கண்டிப்பாகிவிடுகிறது. அவளுக்கு ஜெபம் போதுமானதாக இருந்ததே, உனக்கு ஏன் போதவில்லை?

1 சாமுவேல் முதல் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால் தெரிவது வேறு. பிள்ளையில்லை என்று பெனின்னாள் வருடந்தோறும் அன்னாளைக் குத்திக்காட்டுகிறாள். அன்னாள் சாப்பிடாமல் அழுகிறாள். பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேலல்லவா என்று கேட்டு, கணவன் எல்க்கானா அவள் துக்கத்துக்குள்ளும் தன்னையே நிறுத்திக்கொள்கிறான். சீலோவில் உதடு மட்டும் அசைய அவள் ஜெபிப்பதைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டுகிறான் ஆசாரியன் ஏலி. ஒரு பெண்ணின் மனவேதனை ஆசாரியன் கண்ணுக்கு ஒழுக்கக்கேடாகத் தெரிந்தது. அவன் கண்டது தவறு என்பதையும் வேதாகமம் மறைக்கவில்லை.

மருந்து அவிசுவாசம் என்பதற்கும் வேதத்தில் பிடிமானம் இல்லை. எசேக்கியா ராஜா பிழைப்பான் என்ற வாக்கைக் கொண்டுவந்த ஏசாயாதான் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடவும் சொன்னது. தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் என்பது பவுலின் ஆலோசனை. பெரும்பாடுள்ள ஸ்திரீ 12 வருடம் வைத்தியர்களிடம் அலைந்ததை மருந்துக்கு எதிரான சாட்சியாக்குகிறார்கள். வைத்தியரிடம் போனதற்காக இயேசு அவளைக் கடிந்துகொள்ளவில்லை. மகளே என்றுதான் அழைத்தார். இன்சுலின் போட்டுக்கொள்ளும் சபை மூப்பரின் விசுவாசத்தை யாரும் அளப்பதில்லை. மனசுக்கு மருந்து என்றதும் அளவுகோல் வெளியே வருகிறது, அதிலும் மருமகளுக்கு என்றால் இன்னும் சீக்கிரம்.

இதற்கு விலை கொடுப்பது அவள் உடல். மனச்சோர்வு மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும்; அதற்குள் "குணமாகலையே" என்று நிறுத்தச் சொல்கிறார்கள். லித்தியம் எடுப்பவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தால், ரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகலாம். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.

மருத்துவமும் ஏலியின் இடத்தில் உட்காரக்கூடியதே. வீட்டில் அடி விழுகிறதா என்று கேட்காமல் தூக்கமாத்திரை மட்டும் எழுதித் தருவதும் அவளைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வதுதான். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று குடும்பங்கள் மறுத்ததால் பிரசவத்தில் பெண்கள் இறந்ததைக் கண்டே ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்தார். 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். அந்த நிறுவனத்தின் மனநல மையம் இன்று பாகாயத்தில் இயங்குகிறது. அவருடைய விசுவாசம் மருந்தோடு சண்டை போடவில்லை. அது எதிர்கொண்டது, பெண்ணின் சிகிச்சையைப் பிறர் முடிவு செய்யும் வழக்கத்தை.

அன்னாள் பிரசங்கம் அடுத்த முறை காதில் விழும்போது 15ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். அங்கே அவள் ஆசாரியனை மறுத்துப் பேசுகிறாள். அதன் பிறகுதான் ஏலி தன் பேச்சை மாற்றுகிறான். அவளும் போய்ச் சாப்பிடுகிறாள்.