எல்லா இனத்துக்கும் ஒரே முகமா?

2018 ஆகஸ்டில் வெளியான ‘கிரேஸி ரிச் ஏசியன்ஸ்’ படத்தில் சிங்கப்பூரின் பெரும் சீனப் பணக்காரக் குடும்பத்தின் வாரிசாக, நிக் யங்காக, வந்தவர் ஹென்றி கோல்டிங். 1987இல் மலேசியாவின் சரவாக் மாநிலத்துப் பெத்தோங்கில் பிறந்தவர். தாய் இபான் பழங்குடியினர், தந்தை ஆங்கிலேயர். படம் உலகெங்கும் 23 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கோல்டிங் ஒரே படத்தில் ஹாலிவுட்டின் காதல் நாயகனானார். பாராட்டு வந்த வேகத்தில் கேள்வியும் வந்தது: பாதி வெள்ளையரான ஒருவரைச் சீனராகக் காட்டலாமா?

இது கோல்டிங் ஒருவரைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. கலப்பின நடிகரை எந்த இனத்துப் பாத்திரத்துக்கும் அமர்த்தும் வழக்கம் மலேசியத் தொலைக்காட்சியிலும் விளம்பரத்திலும் நெடுங்காலமாக இருக்கிறது. பல இனத்தாரும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்யும், கெடா மாநிலத்தின் கூலிம் ஹைடெக் பூங்கா போன்ற இடத்தில் வாழும் தமிழருக்கு அதன் நன்மையும் தீமையும் நேரடியாகவே தொடர்புடையவை.

முதலில் நன்மை. கோல்டிங்குக்கு எட்டு வயதாகும்போது குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. அவர் லண்டனில் முடிதிருத்துநராக வேலை பார்த்தார். 21 வயதில் கோலாலம்பூருக்குத் திரும்பி, 8டிவியில் தொகுப்பாளராகத் தொடங்கி, பிபிசியின் பயண நிகழ்ச்சிவரை போனார். நடிப்புப் பள்ளியும் இல்லை, திரைக் குடும்பமும் இல்லை. நிக் யங் வேடத்துக்கு ஆள் கிடைக்காமல் இயக்குநர் ஜான் எம். சூ திணறியபோது, படத்தின் மலேசியக் கணக்காளர் ஒருவர்தான் ஒரு நிகழ்ச்சியில் பார்த்த இந்தத் தொகுப்பாளரை நினைவுபடுத்தினார். இபான் தாயின் மகன் தொலைக்காட்சித் தொகுப்பாளர் வேலையிலிருந்து நேராக உலகத் திரைக்குப் போக முடிந்தது என்றால், பாத்திரத்தின் இனத்தையும் நடிகரின் இனத்தையும் ஒன்றுக்கொன்று பூட்டிவைக்காததே காரணம். அந்தப் பூட்டைத் திரும்பவும் போடச் சொல்வது அறிவுடைமை ஆகாது. சீனர் சீனராக மட்டும், தமிழர் தமிழராக மட்டும் நடிக்கலாம் என்று விதித்தால் முதலில் நட்டப்படுவது சிறுபான்மை நடிகர்களே.

இனத்தை முன்னிறுத்தாமலே ஒரு கதை வெல்லும் என்பதற்குக் கெடாவிலேயே சான்று உண்டு. சுங்கை பட்டாணியை அடுத்த பினாங் துங்கால் இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த செரில் ஆன் பெர்னாண்டோவின் உண்மைக் கதையே ‘அடிவீராகு’ (2017). ஆங்கிலம் வராது என்று ஒதுங்கி நின்ற கிராமத்துப் பிள்ளைகளைக் குழுவாக உரை சொல்லும் போட்டிக்கு அழைத்துப்போகும் ஆசிரியையாகச் சங்கீதா கிருஷ்ணசாமி நடித்தார். அவ்வாண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படம், சிறந்த நடிகை என்ற இரண்டு விருதுகளும் அதற்கே கிடைத்தன. அந்த ஆசிரியை எந்த இனம் என்று கதை ஓரிடத்தில் நின்று விளக்கம் சொல்வதில்லை. பிள்ளைகளோடு அவள் படும் பாடுதான் கதை.

குறை எங்கே இருக்கிறது? கலப்பு எல்லாமே திரையில் கலப்பாக மதிக்கப்படுவதில்லை. ‘பான்-ஏசியன்’ என்று விளம்பர நிறுவனங்கள் தேடிப் பிடிக்கும் முகத்தில் பெரும்பாலும் ஐரோப்பியச் சாயல் கட்டாயம். 2007இல் அன்றைய தகவல் அமைச்சர், கெடாவின் மெர்போக் நாடாளுமன்ற உறுப்பினர் ஜைனுடின் மைடின், உள்ளூர் விளம்பரங்களில் இத்தகைய முகங்கள் மிகுந்துவிட்டன என்று வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். அந்த முகங்களுக்குத் தடை போடுவது தீர்வல்ல. ஆனால் அவர் சுட்டிய நோய் பொய்யல்ல. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூவருக்கும் ஒரே முகம் போதும் என்றால் விளம்பரதாரருக்குச் செலவு மிச்சம். வேலை போவது கருத்த முகத்துக்கு.

அலோர் ஸ்டாரில் பிறந்த புரோன்ட் பலாராயைப் பாருங்கள். அவரும் கலப்பு வம்சாவளிக்காரர்தான். இந்தோனேசிய இயக்குநர் ஜோகோ அன்வாரின் ‘பெங்காப்டி சேத்தான்’ (2017) வரை போய், எல்லை கடந்து பெயர் எடுத்தவர். அவரை யாரும் பான்-ஏசியன் முகம் என்று கொண்டாடுவதில்லை. நம்மிடையே உள்ள கலப்பினரின் நிலையும் இதுதான். தமிழ்த் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்த பிள்ளைகளைச் சிண்டியன் என்கிறோம். கூலிமிலும் பட்டர்வொர்த்திலும் நம் உறவுக்குள்ளேயே அவர்கள் இருக்கிறார்கள். ஆனால், சிண்டியன் என்றே சொல்லிக்கொண்டு கதையின் நடுவே நிற்கும் நாயகனோ நாயகியோ நம் தொடர்களில் அரிது.

‘கிரேஸி ரிச் ஏசியன்ஸ்’ இதில் இரட்டைத் தவறு செய்கிறது. கோலாலம்பூரின் கார்கோசா ஸ்ரீ நெகாராவில் படமாக்கப்பட்ட யங் மாளிகைக்கு இரவில் நாயகி வந்து சேரும் காட்சியைக் கவனித்துப் பார்க்க வேண்டும். காரை மறிப்பவர்கள் துப்பாக்கி ஏந்திய தெற்காசியக் காவலர்கள். பார்வையாளர் திடுக்கிட்டுச் சிரிக்க அவர்கள் தேவைப்படுகிறார்கள். அதற்குப் பின் கதைக்கு அவர்கள் தேவையில்லை. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரின் கதையில், பழுப்பு நிறத்தவருக்குக் கிடைத்த இடம் வாசல்தான். மாளிகைக்குள் சீன வாரிசாக உலவும் கோல்டிங்கும் தம் இபான் பாதியை வெளியே விட்டுத்தான் வர வேண்டியிருந்தது.

இரு உலகுக்கு நடுவே வாழ்ந்த அந்த அனுபவத்தை உள்ளே அழைக்கும்போது அவர் வேறு நடிகராகிறார். ஹாங் காவ் இயக்கிய ‘மன்சூன்’ (2019) படத்தில், சிறுவயதில் வியட்நாமை விட்டு ஓடி, பிரிட்டனில் வளர்ந்து, பெற்றோரின் அஸ்தியைத் தூவத் திரும்பி வருபவராக நடித்தார். தாய்மண்ணின் மொழி நாவில் நிற்காத தவிப்பை அதிகம் பேசாமலே காட்டினார். பாத்திரம் வியட்நாமியர், நடிகர் இபான்-ஆங்கிலேயர். ஆயினும் இரு ஊருக்கும் நடுவே வளர்ந்த வாழ்க்கை இருவருக்கும் பொது. தமிழில் இதற்கு இணை, ராம் இயக்கி 2017இல் வெளியான ‘தரமணி’. ஆங்கிலோ-இந்தியரான ஆண்ட்ரியா ஜெரெமையா அதில் ஆங்கிலோ-இந்தியப் பெண்ணாகவே வந்தார். அவருடைய கலப்பு மறைக்கப்படவும் இல்லை, அழகுக்காக ஒட்டப்படவும் இல்லை.

ஆகவே எந்த இனத்தவர் எந்த வேடத்தில் நடிக்கலாம் என்பது பயனற்ற சண்டை. கேட்க வேண்டியவை இரண்டு: அந்த நடிகரின் வேர் கதைக்கு உரம் ஆகிறதா? அவர் வந்ததால் வேறொருவரின் இடம் பறிபோகிறதா? ‘மன்சூன்’ இரண்டிலும் தேறுகிறது. ‘கிரேஸி ரிச் ஏசியன்ஸ்’ கோல்டிங்கைத் தந்ததற்காகப் போற்றத்தக்கது. ஆனால் இந்த இரண்டு சோதனையிலும் அது தோற்றது.

1996இல் திறக்கப்பட்ட கூலிம் பூங்காவில் இன்டெலும் இன்ஃபினியோனும் இருக்கின்றன. ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், மலாய், சீனத் தோழர்களோடும் நேபாளத் தொழிலாளர்களோடும் ஒரே ஷிப்டில் நிற்கிறார்கள். இந்தக் கலப்பை வைத்து ஒரு நல்ல தொடர் எடுக்க ஆளில்லாமல் இல்லை. ஆஸ்ட்ரோவிலும் ஆர்டிஎம்மிலும் கதை தேர்ந்தெடுப்பவர்கள் அடுத்த தமிழ்த் தொடருக்கு நடிகர் தேடும்போது கூலிமுக்கும் சுங்கை பட்டாணிக்கும் ஆள் அனுப்பட்டும். கருத்த கலப்பின முகங்களையும் நாயகன், நாயகி வேடத்துக்கே தேர்வுக்கு அழைக்கட்டும்.