நடுகல்லும் பெயரிலியும்: 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' கணினி விளையாட்டில் சாவின் பொருள்

ஆய்வுச் சுருக்கம்

1999ஆம் ஆண்டு வெளிவந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' கணினிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளுள் செவ்வியல் தகுதி பெற்ற ஒன்றாகும். அது சாவைக் கையாளும் முறையை, அதற்கு முந்தைய விளையாட்டுகளோடும், கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதி நடுகற்கள் உணர்த்தும் வீரச்சாவு மரபோடும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: நடுகல், வெட்சி, கரந்தை, பாத்திரமேற்பு விளையாட்டு, பெயரிலி, வேடியப்பன்.

முன்னுரை

ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் திறன்களை வளர்த்து, அதன் சார்பில் முடிவுகளை எடுத்துக் கதையை நடத்திச் செல்வது பாத்திரமேற்பு விளையாட்டு. இதில் பாத்திரம் பலமுறை மடிவதும் மீண்டும் எழுவதும் இயல்பு. எனவே சாவுக்கு என்ன பொருள் என்னும் வினா இவ்வகையின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகிறது.

இதே வினாவுக்குத் தமிழ் மரபு கல்லில் விடை பொறித்துள்ளது. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்கள் மிகுந்த நிலப்பகுதி. தமிழகமும் கன்னட நாடும் கலக்கும் இவ்வெல்லையில் ஆநிரை காத்து மடிந்தோர்க்கும், புலியொடும் பன்றியொடும் பொருது மடிந்தோர்க்கும் கற்கள் எடுக்கப்பட்டன. ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகிய இந்நாளிலும் வயல்வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் அவை நிற்கின்றன. காலத்தாலும் ஊடகத்தாலும் வேறுபட்ட இவ்விரண்டையும் இணைத்து நோக்குவதற்கு, சாவுக்கும் பெயருக்கும் உள்ள உறவே பொது அடிப்படையாகிறது.

முந்தைய விளையாட்டுகளில் சாவு

1981இல் வெளிவந்த 'விசார்ட்ரி'யில் மடிந்த வீரனைக் கோயிலுக்கு எடுத்துச் சென்று, பொருள் கொடுத்து உயிர்ப்பிக்கலாம். முயற்சி பிழைத்தால் உடல் சாம்பலாகும். மறுமுயற்சியும் பிழைத்தால் அவன் என்றென்றைக்குமாக இழக்கப்படுவான். இங்குச் சாவு பொருளிழப்பாகவும் உழைப்பிழப்பாகவும் கணக்கிடப்படுகிறது. 1998இல் வந்த 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டில் தலைமைப் பாத்திரம் மடிந்தால் ஆட்டம் முடிந்துவிடும். ஆடுபவர் முன்னர்ச் சேமித்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும். அவ்வாறு தொடங்கியதும், நேர்ந்த சாவு கதையிலிருந்தே அழிந்துபோகிறது. முன்னதில் சாவு ஒரு செலவு; பின்னதில் அது நிகழாத ஒன்று. இரண்டிலும் சாவுக்குக் கதைக்குள் நினைவில்லை.

பெயரிலியின் சாவு

'பால்டர்ஸ் கேட்' இயங்கிய அதே 'இன்ஃபினிட்டி' மென்பொறியைக் கொண்டே பிளாக் ஐல் நிறுவனம் 'டார்மென்ட்'டை உருவாக்கியது. ஆயினும் சாவு பற்றிய அதன் நோக்கு முற்றிலும் வேறானது. கதைத் தலைவன் பிணவறை மேடையொன்றில் கண்விழிக்கிறான். தன் பெயரை அறியான். தன் முதுகில் பச்சை குத்தப்பட்டுள்ள குறிப்புகளே அவனுக்கு வழிகாட்டுகின்றன. பெயரிலி என்றே சுட்டப்படும் அவன் வீழ்ந்தால், பெரும்பாலும் ஆட்டம் முடிவதில்லை. அவன் மீண்டும் எழுகிறான். முந்தைய விளையாட்டுகளில் கதைக்குப் புறத்தே நின்ற மீள்பிறப்பு, இங்குக் கதைப்பொருளாகவே மாறுகிறது.

இம்மாற்றத்தின் ஆழம் கதையின் பிற்பகுதியிலேயே புலனாகிறது. பெயரிலி ஒவ்வொரு முறை மடியும்போதும் அவனுக்கு ஈடாக வேறோர் உயிர் எங்கோ மடிகிறது. அவ்வாறு மடிந்தோரே நிழல்களாகி அவனைத் தொடர்கின்றனர். ஆடுபவர் தயக்கமின்றி ஏற்ற ஒவ்வொரு தோல்வியும் பிறர் செலுத்திய விலை என்பது தெரியவரும்போது, கடந்துவந்த ஆட்டம் முழுவதும் குற்றக்கணக்காக மாறுகிறது. விளையாட்டு வடிவின் வழக்கமான சலுகையையே அறவினாவாக்கியது 'டார்மென்ட்'டின் தலையாய சாதனை.

நடுகல்லின் சாவு

தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என நடுகல் எடுக்கும் ஆறு நிலைகளைக் கூறுகிறது. இவை யாவும் மடிந்தவன் செய்பவை அல்ல. அவனுக்காக ஊரார் செய்பவை. நடுகல் கல்வெட்டுகள் ஆட்சியாண்டு, தலைவன் பெயர், தொறு கவரப்பட்ட அல்லது மீட்கப்பட்ட செய்தி, மடிந்தவன் பெயர் ஆகியவற்றைச் சுருங்கச் சொல்லி, 'பட்டான்' என முடிகின்றன. மீளாத ஒரே சாவு என்பதாலேயே அது பெயருக்கு உரியதாகிறது.

எனினும் சங்கப்பாடல்கள் அப்பெயரை இழப்புக்கு ஈடாகக் கருதவில்லை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் நடுகல்லுக்குக் கள் படைக்கப்படுவதைக் கண்ட ஔவையார் (புறம். 232), நாடே கொடுத்தாலும் கொள்ளாதவன் இச்சிறு கலத்துக் கள்ளை ஏற்பானோ என வருந்துகிறார். பெயர் பொறித்துக் கல் நட்டதைக் கூறும் புறம். 264, அவன் மறைந்ததறியாது பாணர் சுற்றம் இன்றும் வருமோ என்னும் கவலையில் முடிகிறது. மடிந்தவனை நம்பி வாழ்ந்தோரை இப்பாடல் மறக்கவில்லை.

இவ்விடத்தில் இரு மரபுகளும் எதிரெதிர் நிற்கின்றன. நடுகல்லில் ஒருவன் பலருக்காக மடிந்து பெயர் பெறுகிறான். 'டார்மென்ட்'டில் பலர் ஒருவனுக்காக மடிகின்றனர், அவனோ பெயரிழக்கிறான். ஆனால் அப்பலருக்கு விளையாட்டு போதிய இடம் தரவில்லை. டெயோனாரா போன்ற சிலருக்கே பெயரும் குரலும் உண்டு. நிழல்களாக வருவோர் வெட்டி வீழ்த்தப்படும் பகைவராகவே நின்றுவிடுகின்றனர். குற்றவுணர்வு கொலையுண்டோரைவிடக் கொன்றவனையே சுற்றி வருவது படைப்பின் குறை. நடுகல் மரபும் முழுமையானதன்று. ஆநிரை கவர்ந்த வெட்சி மறவர்க்கும் மீட்ட கரந்தை மறவர்க்கும் கல் எடுக்கப்பட்டது; நிரையிழந்த ஊரின் துயர் கவர்ந்தவனது கல்லில் இடம்பெறுவதில்லை.

பெயர் மறைந்த கற்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் நடுகற்கள் பலவும் வேடியப்பன் என்னும் பெயரில் வழிபடப்படுகின்றன. எழுத்துப் பொறிக்கப்படாத கற்களும், எழுத்துத் தேய்ந்த கற்களும் இவற்றுள் உண்டு. மடிந்தவன் யார் என்பது மறைந்தபின்னும் அவன் பிறருக்காக மடிந்தான் என்னும் நினைவு வழிபாடாகத் தொடர்கிறது.

'டார்மென்ட்'டின் இறுதியில் பெயரிலி தன் பெயரை அறியும் வாய்ப்பு உண்டு. ஆனால் அப்பெயர் ஆடுபவருக்குச் சொல்லப்படுவதில்லை. தன்னிடமிருந்து பிரிந்த சாவை மீண்டும் தன்னுள் ஏற்று, பழைய பிழைகளுக்குத் தண்டனை பெறக் கீழுலகப் போர்க்களம் செல்கிறான். பெயர் மறைக்கப்படுவது ஒற்றுமை எனினும் அதன் பயன் வேறு. வேடியப்பனுக்குப் பெயர் போயிற்று, ஊர் நின்றது; பெயரிலிக்குப் பெயர் கிடைத்தது, அதைச் சொல்லி அழைக்க ஊர் இல்லை.

முடிவுரை

முந்தைய விளையாட்டுகள் சாவைச் செலவாகவும் நிகழாததாகவும் கண்டன. 'டார்மென்ட்' அதைக் கடனாகக் கண்டது. நடுகல் மரபு அதை ஊர் தன்மேல் ஏற்றுக்கொண்ட கடனாகக் கண்டது. கடனை உணர்பவன் யார் என்பதே இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள அடிப்படை வேறுபாடு. கணினி விளையாட்டுகளைத் தமிழாய்வு பொழுதுபோக்கென ஒதுக்காது, புறத்திணை மரபின் அளவுகோல்களால் மதிப்பிட இயலும் என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது. அவ்வாறு மதிப்பிடுகையில், மனைப்பிரிவுகளுக்கும் ஆலைச்சுவர்களுக்கும் இடையே நிற்கும் பெயரற்ற கற்கள் தொல்பொருளாக மட்டுமன்றி, இன்றைய கலைவடிவங்களை நோக்கி வினா எழுப்பும் சான்றுகளாகவும் ஆகின்றன.