பத்துப் பேர் அணி

வார்ஹேமர் 40,000 மேசைப் போருக்கு 2,000 புள்ளிக்குள் படை சேர்க்கும்போது எல்லார் கையும் டாங்கிக்குத்தான் போகும். எனக்கோ பத்துப் பேர் அணியாக வரும் கேடியக் காலாட்களைத்தான் பிடிக்கும். கவசம் மெல்லிசு, ஒரு காயத்திலேயே ஆள் காலி. ஆனால் 2023இல் வந்த பத்தாம் பதிப்பில் இலக்கைப் பிடிக்க உதவும் கட்டுப்பாட்டு மதிப்பு தலைக்கு 2. பத்துப் பேரும் இலக்குக்கு மூன்று அங்குலத்துக்குள் நின்றால் 20! இந்த அணியைவிட அதிகப் புள்ளி கொடுத்து வாங்கும் ஐந்து இன்டர்செஸ்ஸர் வீரர்களுக்கு 10தான்.

சனிக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கி வந்ததும் வீவக வீட்டுச் சன்னலோரம் இந்தப் பொம்மை வீரர்களுக்குச் சாயம் பூச உட்காருவேன். சிங்கப்பூர் ஈரக்காற்றில் ஸ்ப்ரே பிரைமர் சொரசொரத்துப் போகும், அதனால் தூரிகைதான். கன்னத்தில் வெளிர்நிறம் ஒரு பொட்டு வைத்தால் போதும், முகத்துக்கு உயிர் வந்துவிடுகிறது. ஒன்பது பேர் காய்கிறார்கள், சார்ஜென்ட் மட்டும் பாக்கி.